பைக்கின் பின்பக்க ஷாக்குக்குக் காற்று: கை பம்பா, பேட்டரி பம்பா, பெட்ரோல் பங்க்கா, இல்லை அப்படியே விட்டுவிடுவதா?

தர்மபுரி நண்பர் ஒருவர் பத்து வருடமாக "வாங்கறேன், வாங்கறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்த பெரிய டூரிங் பைக்கைப் போன மாதம் எடுத்தேவிட்டார். பெங்களூரிலிருந்து தனியாக ஓட்டி வந்த அன்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. மெத்தையில் உட்கார்ந்து வந்த மாதிரி இருந்ததாம். அடுத்த ஞாயிறு வீட்டுக்காரம்மாவைப் பின்னால் உட்கார வைத்து, இரண்டு பக்கப் பெட்டியிலும் துணிமணியை நிரப்பிக்கொண்டு ஒகேனக்கல் கிளம்பினார். பென்னாகரம் தாண்டி இரண்டாவது வேகத்தடையிலேயே பின்பக்கம் "டொக்" என்று அடி தட்டியிருக்கிறது. திரும்பி வரும்போது இருட்டிவிட, ஹெட்லைட் சாலையைக் காட்டாமல் புளியமரக் கிளைகளைக் காட்டியிருக்கிறது.

இரவு பத்து மணிக்கு எனக்கு போன். "ணா, இதுல பின்னாடி காத்து அடிக்கணும்னு புக்ல போட்டிருக்கு. எதை வச்சு அடிக்கிறது? பங்க்ல அடிச்சா ஆகாதா? ஒரு பேட்டரி பம்ப் பார்த்து வச்சிருக்கேன். ஷோரூம்ல கேட்டா வண்டியைக் கொண்டு வாங்கங்கறாங்க."

கிருஷ்ணகிரியில் இருக்கும் என்னிடம் இந்தக் கேள்வி வருவது இது முதல் தடவை இல்லை. இந்த மாதிரி வண்டிக்கு நம் பக்கத்து ஆட்களுக்கெல்லாம் சர்வீஸ் பெங்களூரில்தான். கிருஷ்ணகிரியிலிருந்து 90 கிலோமீட்டர், தர்மபுரியிலிருந்து 130. நாலு பிஎஸ்ஐ காற்றுக்காக ஒரு நாளைத் தொலைக்க முடியாது. அதனால் இருக்கிற வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

## ஒரு காபி டம்ளர் காற்று

வழிகளுக்குப் போகுமுன் ஒரு விஷயம் புரிந்தாக வேண்டும். இது புரிந்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

பின் டயரில் காற்று லிட்டர் கணக்கில் இருக்கிறது. பின்பக்க ஷாக்குக்குள் (குலுங்கலைத் தாங்கும் ஷாக் அப்சார்பர்) இருப்பதோ ஏறத்தாழ ஒரு காபி டம்ளர் அளவு இடம். பல வண்டிகளில் உள்ளே சுருள் ஸ்பிரிங்கும் உண்டு, காற்று அதற்குத் துணைக்கு நிற்கிறது. பாரம் ஏறினால் காற்றைக் கூட்டி வண்டியைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவருகிறோம். அவ்வளவுதான் அதன் வேலை. டயர் வால்வு மாதிரியே ஒரு வால்வு, பக்க மூடிக்கு உள்ளேயோ பெட்டியின் பக்கத்திலோ இருக்கும். டயர் வால்வு மாதிரியே இருப்பதுதான் வம்பு. பார்த்தவுடன் டயருக்கு அடிக்கிற எதையும் இதிலும் மாட்டலாம் என்று கை துறுதுறுக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஷாக்குக்குள் 100 மில்லி இடம், 30 பிஎஸ்ஐ காற்று என்று வைத்துக்கொள்வோம். 15 மில்லி பிடிக்கிற குழாயோடு ஒரு கேஜை (காற்றழுத்தம் காட்டும் மீட்டர்) மாட்டுகிறீர்கள். மாட்டிய நொடியில் உள்ளே இருந்த காற்று குழாயிலும் பரவிவிடும். கேஜ் 26 காட்டும். "ஐயோ, நாலு பிஎஸ்ஐ குறைந்துவிட்டது" என்று பதறத் தேவையில்லை. அளந்து பார்த்ததாலேயே குறைந்த காற்று அது. டயரில் இதே கேஜை மாட்டினால் ஒரு மாற்றமும் தெரியாது.

மறுபக்கம், அதே ஷாக்கில் 10 பிஎஸ்ஐ ஏற்ற வெளிக்காற்று 70 மில்லி இருந்தால் போதும். டயருக்கென்று செய்த எந்த மோட்டார் பம்பும் அதை ஒரு நொடிக்குள் தள்ளிவிடும்.

ஆக, இங்கே நமக்குத் தேவை கொஞ்சமாகக் காற்று கொடுக்கத் தெரிந்த சாமான். பலம் இதில் பலவீனம்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

நான் பார்ப்பது நாலு விஷயம். முதலாவது, உங்கள் வண்டியின் பாரம் எத்தனை நாளுக்கு ஒரு முறை மாறுகிறது. இதைத்தான் யாரும் கேட்பதில்லை, ஆனால் மற்ற மூன்றையும் விட இதுதான் பெரியது. வருடம் முழுக்கத் தனியாக ஓட்டுபவருக்கும், வெள்ளிக்கிழமை தனியாக ஓசூர் போய் ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு ஏலகிரி ஏறுபவருக்கும் ஒரே பதில் கிடையாது.

இரண்டாவது, ஓரிரு பிஎஸ்ஐக்குள் நிறுத்த முடிகிறதா. மூன்றாவது, கை தவறினால் என்ன கெடும். டயரில் கூடிப்போனால் இறக்கிவிடலாம். ஷாக்கில் வரம்பைத் தாண்டினால் சீல் போகும், வாரண்டி பேச்சு கிளம்பும். நாலாவது செலவு. கடையில் கொடுக்கிற பணத்தை மட்டும் சொல்லவில்லை, பின்னால் தெரியவருகிற செலவையும் சேர்த்து.

## வழி 1: ஷோரூம் வைத்துக் கொடுத்ததை அப்படியே விடுவது

சிரிக்காதீர்கள், இதுவும் ஒரு வழிதான். தனியாக மட்டும் ஓட்டுபவர், பெட்டியில் ரெயின்கோட்டும் தண்ணீர் பாட்டிலும் தவிர ஒன்றும் வைக்காதவர், நாற்கர சாலையை விட்டு இறங்காதவர் என்றால் ஒரு தடவை சரியாக வைத்துவிட்டு மறந்துவிடலாம்.

ஆனால் அந்த ஒரு தடவை உங்கள் எடைக்கு வைத்ததா என்று பாருங்கள். டெலிவரி கொடுக்கும் அவசரத்தில் யாரும் உங்களைத் தராசில் நிறுத்துவதில்லை. என் வண்டி வந்தபோது ஷாக்கில் எவ்வளவு இருந்தது என்று கேட்டேன். "கம்பெனி செட்டிங் சார்" என்றார்கள். கம்பெனிக்கு என் எடை எப்படித் தெரியும்?

பணமாக ஒரு பைசா செலவில்லை. மற்றபடி, காற்று மெதுவாக இறங்கத்தான் செய்யும். ஆறு மாதம் கழித்து வண்டி தாழ்ந்து நிற்பது தினமும் பார்க்கிற கண்ணுக்குத் தெரியாது. பின்பக்கம் தாழ்ந்தால் ஹெட்லைட் தூக்கும், வளைவில் ஃபுட்போர்டு சீக்கிரம் தரையில் உரசும், ஹேண்டில் மந்தமாகத் திரும்பும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் அது நன்றாகத் தெரியும். அப்போது நீங்கள் டயரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

## வழி 2: பெட்ரோல் பங்க், பஞ்சர் கடை

வேண்டாம்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். பஞ்சர் கடை கம்ப்ரசர் தொட்டியில் 100 பிஎஸ்ஐக்கு மேல் நிற்கும். லாரி டயருக்கே அது போதும். அதைக் காபி டம்ளருக்குள் திறந்துவிட்டால் என்ன ஆகும்? பங்க்கில் இருக்கிற டிஜிட்டல் மெஷின் பாதுகாப்பு என்று நினைக்கலாம். அது முதலில் கொஞ்சம் காற்றைத் தள்ளும், நிறுத்தி அளக்கும், மறுபடி தள்ளும். அந்த "கொஞ்சம்" டயருக்குக் கொஞ்சம். ஷாக்குக்கு அதுவே எல்லை தாண்டிவிடும்.

பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். திருவண்ணாமலை போகிற வழியில் ஒரு கடையில், பையனிடம் "தம்பி, ஒரு சின்ன தட்டு தட்டினா போதும்" என்றேன். அவனும் பாவம், சின்னதாகத்தான் தட்டினான். "புஸ்" என்று ஒரு சத்தம். அதற்குள் என் கேஜின் முள் கடைசிக் கோட்டுக்குப் போய் நின்றுவிட்டது. பதறிப்போய் வால்வு பின்னை அழுத்திக் காற்றை இறக்கினேன். அங்கே இரண்டாவது தப்பு. வேகமாக இறக்கியதில் காற்றோடு ஷாக்குக்குள் இருக்கிற எண்ணெய்த் துளியும் தெறித்து வந்து பின் சக்கரத்துப் பக்கம் விழுந்தது. டயரிலும் பிரேக் டிஸ்க்கிலும் எண்ணெய் பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. துணியால் துடைத்து, சோப்புத் தண்ணீர் போட்டுக் கழுவி, ஒரு மணி நேரம் போனது. பிறகு அந்த ஷாக்கில் எண்ணெய்க் கசிவு வந்தது. அந்தப் "புஸ்"தான் காரணமா என்று என்னால் நிரூபிக்க முடியாது. சந்தேகம் மட்டும் இன்னும் போகவில்லை.

இன்னொன்று, கம்ப்ரசர் தொட்டியில் தண்ணீர் தங்கும். தினமும் வடிக்கிற கடை அபூர்வம். மழைக்காலத்தில் அந்த ஈரமும் சேர்ந்துதான் உள்ளே போகும்.

இலவசக் காற்றுதான். ஷாக்கை மாற்ற வேண்டி வந்தால் அது இலவசமாக இருக்காது.

## வழி 3: பேட்டரி பம்ப்

செல்போன் சைஸில் வருகிறதே, சார்ஜ் போட்டு வைத்துக்கொண்டு டயருக்கு அடிப்பது. இரண்டாயிரத்திலிருந்து நாலாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. டயருக்கு நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். அஞ்செட்டி காட்டு வழியில் ஆள் அரவம் இல்லாத இடத்தில் டயர் இறங்கினால் அதை விட நல்ல துணை கிடையாது.

ஷாக்குக்கு? எண்ணை வைத்தால் தானாக நிற்கும் என்பதுதான் விற்பனைப் பேச்சு. நடப்பது வேறு. 25 என்று வைத்து பட்டனை அழுத்தினால், மோட்டார் ஒரு சுற்றுச் சுற்றி நிற்பதற்குள் 28, 29 ஆகிவிடுகிறது. சரி, கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாம் என்று குழாயைக் கழற்றினால் அடுத்த சிக்கல். அதன் மூக்கு டயருக்காகச் செய்தது. மறையைத் திருகிக் கழற்றும்போது ரப்பர் முதலில் விலகும், வால்வு பின் அதன் பிறகுதான் விடுபடும். நடுவில் இருக்கிற அந்த அரை நொடியில் ஷாக்கிலிருந்தே காற்று போகிறது. எவ்வளவு போனது என்று பார்க்க மறுபடி மாட்ட வேண்டும். மாட்டினால் மறுபடி குறையும். நாய் தன் வாலைத் துரத்துகிற கதை.

கையில் இது ஒன்றுதான் இருக்கிறது, நாளைக் காலை கிளம்ப வேண்டும் என்றால் பாதகமில்லை. தேவையான அளவை விட நன்றாகக் குறைத்து வைத்து, விட்டு விட்டு அழுத்தி, சீட்டில் உட்கார்ந்து பார்த்து, போதும் என்றதும் விட்டுவிடுங்கள். வெடிக்காது. ஆனால் துல்லியம் என்று பேச வேண்டாம்.

## வழி 4: ஷாக்குக்கென்றே செய்த கை பம்ப்

பார்க்க ஊசி போடுகிற சிரிஞ்ச் மாதிரி ஒல்லியாக இருக்கும். முகப்பில் கேஜ், பக்கத்தில் காற்றை இறக்க ஒரு சின்ன பட்டன், நுனியில் திருகு மூக்கு. சில வண்டிகளுக்கு டூல் கிட்டிலோ உபரிச் சாமான் பட்டியலிலோ கம்பெனியே கொடுக்கிறது. முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள். டெலிவரி அன்று கேட்டால் கிடைக்கிற சாமான், ஒரு மாதம் கழித்துக் கேட்டால் விலைப்பட்டியலோடு வரும்.

இதன் ஒரு அழுத்தலுக்கு என் வண்டியில் ஒரு பிஎஸ்ஐ, ஒன்றரை பிஎஸ்ஐ ஏறுகிறது. எண்ணி எண்ணி அடிக்கலாம். கூடிப்போனால் பட்டனைத் தொட்டுத் தொட்டு இறக்கலாம். எண்ணெய் தெறிக்காது. நல்ல பம்பின் மூக்கில் இரண்டு கட்டம் உண்டு. முதல் திருகில் வால்வு பின் விடுபட்டு மூடிக்கொள்ளும், அடுத்த திருகில்தான் ரப்பர் விலகும். அப்போது கேட்கிற "ஸ்ஸ்" குழாயில் மிச்சமிருந்த காற்று. ஷாக்கில் இருந்தது ஷாக்கிலேயே இருக்கிறது. என் நண்பர் இந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு நாலு முறை மாட்டிக் கழற்றி, நாலு முறையும் குறைவதாகப் புலம்பினார். மாட்டும்போது குறையும், கழற்றும்போது குறையாது. கழற்றுவதற்கு முன் கேஜ் காட்டிய எண்தான் உண்மை. அதை நம்பி மூடியைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

மறைந்திருக்கிற செலவு இதிலும் உண்டு. ஆன்லைனில் "ஷாக் பம்ப்" என்று தேடினால் வருவதில் பெரும்பாலானவை மலை சைக்கிளுக்கானவை. ஆயிரத்துச் சொச்சத்திலிருந்து கிடைக்கும். கேஜைப் பாருங்கள், 300 பிஎஸ்ஐ வரை இருக்கும். சைக்கிள் ஷாக்குக்கு அது வேண்டும். நமக்கு வேண்டியது பத்துக்கும் ஐம்பதுக்கும் நடுவில். 300 வரை போகிற கேஜில் அந்தப் பகுதி விரல் நகம் அகலம்கூட இருக்காது. முள் அசைவதே தெரியாது, அதோடு முள் கேஜ்கள் அடிமட்டத்தில்தான் அதிகம் தப்புக் காட்டும். 60 பிஎஸ்ஐக்குள் முடிகிற கேஜ் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கொஞ்சம் தேட வேண்டியிருக்கும், விலையும் கூடும். நான் முதலில் மலிவானதை வாங்கி, அப்புறம் சரியானதை வாங்கினேன். இரண்டு பம்பின் காசு.

இன்னொரு செலவு உங்கள் நேரம். சில வண்டிகளில் வால்வைத் தொட பக்க மூடியைக் கழற்ற வேண்டும், சிலவற்றில் பெட்டியையே. பழகிய கைக்கு ஐந்து நிமிடம், புதுக் கைக்கு இருபது நிமிடம். ரப்பர் குமிழில் அழுந்தி நிற்கிற மூடியை இழுக்கும்போது அதன் காதை (மாட்டி நிற்கிற நீட்சியை) உடைத்துவிடாதீர்கள். அந்தப் பிளாஸ்டிக் காதின் விலையைக் கேட்டால் பம்பின் விலை மறந்துபோகும்.

### எவ்வளவு அடிப்பது?

கையேட்டில் ஒரு அட்டவணை இருக்கும். ஓட்டுபவர் எடை, பின்னால் உட்காருபவர் எடை, சாமான் எடை, அதற்கு எத்தனை பிஎஸ்ஐ. அதில்தான் அதிகபட்ச வரம்பும் இருக்கும். அதைத் தாண்டவே கூடாது. வேறு மாடல்காரர் சொன்ன எண்ணைக் காதில் வாங்க வேண்டாம், அதே கம்பெனியாக இருந்தாலும் சரி.

அட்டவணையில் ஆரம்பித்து, அளக்கிற டேப் வைத்துச் சரிபார்ப்பது என் வழக்கம். பின் அச்சிலிருந்து நேர் மேலே பாடியில் ஒரு புள்ளி. அதில் ஒரு துண்டு ஒட்டு டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். அச்சுக்கும் இந்த அடையாளத்துக்கும் உள்ள தூரத்தைத்தான் அளக்கப்போகிறோம். முதலில் பின் சக்கரம் காற்றில் தொங்கும்படி ஜாக்கில் தூக்கி அளக்க வேண்டும். இந்த வண்டிகள் 350 கிலோவைத் தாண்டும், மெயின் ஸ்டாண்டும் பலவற்றில் கிடையாது. அதனால் தெரிந்த ஒர்க் ஷாப்பில் ஒரே ஒரு தடவை தூக்கி அளந்து எழுதி வைத்துக்கொண்டால் ஆயுசுக்கும் போதும். அப்புறம் நீங்களும் பின்னால் வருபவரும் பெட்டி நிறையச் சாமானோடு உட்கார, மூன்றாவது ஆள் அளக்க வேண்டும். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் வண்டி அமுங்கிய ஆழம். பின்பக்கத்தின் மொத்த அசைவில் (சக்கரம் மேலும் கீழும் போய்வரக்கூடிய முழுத் தூரம்) ஏறத்தாழ 30 சதவீதம் அமுங்கினால் டூரிங் வண்டிக்குச் சரி. "இந்தியன்" என்கிற அமெரிக்க பைக் கம்பெனியின் சீஃப்டன் மாதிரி 114 மில்லிமீட்டர் அசைவுள்ள வண்டியில் அது 34 மில்லிமீட்டர்.

நண்பரின் வண்டியும் அதே 114 மில்லிமீட்டர் அசைவு கொண்டதுதான். அவர் வீட்டு வாசலில் வைத்து இப்படி அளந்தோம். தனியாக உட்கார்ந்தபோது 31. மனைவியும் பெட்டிகளும் சேர்ந்தபோது 52. ஒகேனக்கல் வேகத்தடை ஏன் டொக்கென்றது என்று அப்போதே புரிந்துவிட்டது. பாதி அசைவு உட்காரும்போதே தீர்ந்துபோனால் மேட்டுக்கு என்ன மிச்சம் இருக்கும்?

வண்டி குளிர்ந்திருக்கும்போது அடியுங்கள். காலையில் 25 டிகிரியில் 30 பிஎஸ்ஐ வைத்தது, மோசமான சாலையில் ஓடி ஷாக் 55 டிகிரிக்குச் சூடானால் 34, 35 காட்டும். அதைப் பார்த்து இறக்கிவிட்டால் மறுநாள் காலை குறைவாக இருக்கும். ஏற்காடு உச்சியில் கேஜ் வேறு எண் காட்டுமா என்றும் ஒருவர் கேட்டார். வெளியே காற்றழுத்தம் குறைவதால் ஒன்றரை பிஎஸ்ஐ கூடக் காட்ட வேண்டும், ஆனால் அங்கே குளிர் என்பதால் உள்ளே அழுத்தமும் அதே அளவுக்குக் குறையும். கூட்டிக் கழித்தால் ஒன்றுமில்லை.

இதற்கெல்லாம் முன்னால் டயர் காற்றைச் சரி பார்த்துவிடுங்கள். டயரில் குறையை வைத்துக்கொண்டு ஷாக்கைச் சரிசெய்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

## வழி 5: காற்றே வேண்டாம், குமிழ் ஷாக்

கையால் ஒரு குமிழைத் திருகினால் எண்ணெய் அழுத்தத்தில் ஸ்பிரிங் இறுகுகிற வகை. கம்பெனிகளே அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கின்றன. ஹார்லி டூரிங் வண்டிகளில் பல காலம் காற்று ஷாக்தான். 2017 மாடலில் இருந்து குமிழ் வந்துவிட்டது. ஹோண்டா கோல்டு விங்கில் 1984 ஆஸ்பென்கேட் மாடலில் வண்டியிலேயே சின்ன கம்ப்ரசர் இருந்தது. ஓட்டுபவர் பட்டனை அழுத்தினால் அதுவே காற்று அடிக்கும். 2001இல் ஜிஎல் 1800 வந்தபோது ஹோண்டாவும் காற்றை விட்டுவிட்டு மோட்டாரால் ஸ்பிரிங்கை இறுக்குகிற முறைக்கு மாறியது. இந்தியன் கம்பெனியின் சேலஞ்சரில் எண்ணெய் அழுத்த வகை, சீஃப்டனும் ரோட்மாஸ்டரும் பல வருடம் காற்று ஷாக்கோடு வந்தன.

குமிழின் சுகம் சொல்லி முடியாது. தொப்பூர் கணவாய் இறங்குமுன் டீக்கடையில் நிறுத்தி, பத்துத் திருகு திருகிவிட்டுப் போகலாம். பம்ப் வேண்டாம், கேஜ் வேண்டாம், காற்றுக் கசிவும் கிடையாது.

ஆனால் இருக்கிற காற்று ஷாக்கை எடுத்துவிட்டு வெளிக் கம்பெனி ஷாக் போடுவது வேறு கதை. பல பத்தாயிரங்களில் ஆரம்பித்து லட்சத்தைத் தாண்டும். இறக்குமதிச் சாமான் என்றால் வரி, காத்திருப்பு. உங்கள் இருவர் எடைக்கும் சரியான ஸ்பிரிங் கேட்டு வாங்க வேண்டும், தப்பினால் மறுபடி செலவு. புது வண்டியில் வாரண்டிக்கு என்ன ஆகும் என்று எழுத்தில் கேட்டு வாங்காமல் ஸ்பேனரை எடுக்க வேண்டாம். சில வருடம் கழித்து காற்று ஷாக்கில் சீல் போய், எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்கிற நாளில் யோசிக்கலாம். ஒரு மாத வண்டியில் இது வீண் ஆடம்பரம் என்பது என் கருத்து. வாரத்துக்கு மூன்று தடவை பாரம் மாறுகிறவர் மட்டும் என்னோடு சண்டை போடலாம், அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | துல்லியம் | கை தவறினால் | பணம் | பின்னால் தெரியும் செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| அப்படியே விடுவது | முதல் தடவை வைத்ததைப் பொறுத்தது | மெதுவாகத் தாழும் | இல்லை | தேயும் ஃபுட்போர்டு, தூக்கும் ஹெட்லைட் | எப்போதும் தனியாக ஓட்டுபவர் |
| பங்க், பஞ்சர் கடை | கிடையாது | சீல் போகலாம், ஈரம் நுழையும் | இல்லை | ஷாக்கின் விலை | யாருக்கும் இல்லை |
| பேட்டரி பம்ப் | மூன்று நாலு பிஎஸ்ஐ முன்பின் | கவனித்தால் பெரிதாக இல்லை | 2,000 – 4,000 | திரும்பத் திரும்ப மாட்டும் நேரம் | டயருக்காக ஏற்கெனவே வைத்திருப்பவர், அவசரத்துக்கு |
| கை பம்ப் | ஒரு பிஎஸ்ஐக்குள் | ஏறக்குறைய ஒன்றும் ஆகாது | ஆயிரத்துச் சொச்சம் முதல் | தப்பான கேஜ், மூடிக் காது | மாதத்துக்குச் சில தடவை பாரம் மாறுபவர் |
| குமிழ் ஷாக் | நன்று | ஒன்றும் ஆகாது | பல பத்தாயிரம் முதல் | வாரண்டி, ஸ்பிரிங் தேர்வு | வாரம் பல தடவை பாரம் மாறுபவர், பழைய ஷாக் போனவர் |

அட்டவணையில் அடங்காத ஒரு ஆள் உண்டு. பாரம் மாறும், ஆனால் குனிந்து மூடி கழற்ற முதுகு ஒத்துழைக்காதவர். அவருக்கு நான் சொல்வது, இரண்டு பேர் பாரத்துக்கும் தனியாள் பாரத்துக்கும் நடுவில் ஒரு எண்ணை வைத்துக்கொண்டு, தனியாகப் போகும்போது கொஞ்சம் குலுங்குவதைப் பொறுத்துக்கொள்வது. பின்னால் ஆள் இருக்கும்போது அடி தட்டுவதை விடத் தனியாக இருக்கும்போது குலுங்குவது மேல். அதற்காக எப்போதும் அதிகபட்சத்திலேயே வைத்துவிடவும் கூடாது. தனியாளோடு பின்பக்கம் கல்லாக இருந்தால் சின்ன மேட்டிலும் டயர் தரையை விட்டுத் துள்ளும். தொப்பூர் இறக்கத்தில், முன்னால் லாரி பிரேக் போடும் நேரத்தில், அந்தத் துள்ளல் நமக்கு வேண்டாத விருந்தாளி.

நண்பர் கை பம்ப்தான் வாங்கினார், 60 பிஎஸ்ஐ கேஜோடு. பேட்டரி பம்பையும் வாங்கிவிட்டார், "டயருக்கு ணா" என்று. 52 மில்லிமீட்டர் அமுங்கியதை 35க்குக் கொண்டுவர அவருடைய வண்டிக்குப் பதினெட்டு அழுத்தல் பிடித்தது. மறுபடி தனியாக ஓட்டும் நாளில் எவ்வளவு இறக்க வேண்டும் என்பதையும் அப்போதே பார்த்துக்கொண்டோம். மூன்று எண்களை ஒரு ஸ்டிக்கரில் எழுதி இடது பெட்டி மூடியின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறார்: "நான்", "நாங்கள்", "நாங்கள் + ஊர் சாமான்". மூன்றாவது எண்ணை இன்னும் பென்சிலில்தான் எழுதியிருக்கிறார். கிருஷ்ணகிரியில் மாம்பழ சீசன் வந்து, மாமியார் வீட்டுக் கூடை பெட்டியில் ஏறிய பிறகு பேனாவில் எழுதுவாராம்.